வீட்டில் வைக்க லேசர் மெஷின்: 10 வாட் டையோடு போதுமா, 40 வாட் சிஓ2-க்குப் போகணுமா?

அட்டைப்பெட்டி (கேள்வி)

வணக்கம். மேசை மேல் வைக்கிற அளவில் ஒரு லேசர் மெஷின் வாங்கப் பார்த்துக்கிட்டிருக்கேன். வேலை இவ்வளவுதான்: 3 மி.மீ பிளைவுட்டில் பெட்டியும் பெயர்ப்பலகையும் வெட்டுறது, மரத்தில் போட்டோ பதிக்கிறது, கோட்டிங் உள்ள ஸ்டீல் பாட்டிலில் பெயர் போடுறது, எப்பவாவது தெளிவான அக்ரிலிக்கில் ஸ்டாண்டு. எதுவும் 300 × 300 மி.மீ-க்கு மேல போகாது. அறையில் ஒரே ஜன்னல், மேசையிலிருந்து 2 மீட்டர். வீட்டில் சின்னக் குழந்தை உண்டு.

மூணு குழப்பம். ஒரே மெஷினுக்கு ஒரு இடத்தில் 40 வாட்னும் இன்னொரு இடத்தில் 5 வாட்னும் போட்டிருக்காங்க, எதை நம்புறது? கார்பன் டை ஆக்சைடு வாயு அடைச்ச கண்ணாடிக் குழாய் போட்ட 40 வாட் சிஓ2 மெஷினும் கைக்கெட்டுற தூரத்தில் இருக்கு, அது டையோடை விட மேலா? கடைசியா, திறந்த சட்டம் உள்ள டையோடு மெஷின் வாங்கி, தெளிவான அக்ரிலிக் ஷீட்டில் நானே பெட்டி கட்டிக்கலாமா?

கரிவாசம்

கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே பதில்: வேண்டாம். டையோடு லேசரோட ஒளி நீலம், 450 நானோமீட்டரை ஒட்டி. தெளிவான அக்ரிலிக் அதை ஜன்னல் கண்ணாடி மாதிரி அப்படியே வெளியே விட்டுடும். சிஓ2 மெஷின் மூடியில் தெளிவான அக்ரிலிக் இருக்கிறதைப் பார்த்துட்டுத்தான் பலரும் இந்த யோசனைக்கு வர்றாங்க. அங்கே அது சரி. அது 10,600 நானோமீட்டர் அகச்சிவப்பு, அக்ரிலிக் அதை முழுசா உறிஞ்சிடும். கதிர் மாறினா அதே ஷீட் வெறும் காத்துக்குச் சமம்.

நீங்களே பெட்டி கட்டுறதா இருந்தா நாலு பக்கமும் ஒளி போகாத பலகை, பார்க்கிறதுக்கு மட்டும் ஒரு சின்ன ஜன்னல். அந்த ஜன்னலுக்கு 450 நானோமீட்டருக்கு ஓ.டி. மதிப்பு (ஒளியை எவ்வளவு தடுக்கும்னு காட்டுற எண்) அச்சடிச்ச ஆரஞ்சு ஃபில்டர் போடுங்க. கடையில் கிடைக்கிற ஏதோ ஒரு ஆரஞ்சு ஷீட் போதாது. பாதுகாப்புக் கண்ணாடிக்கும் இதே விதி: ஓ.டி. 5-ன்னா லட்சத்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வரும், 20 வாட் நேரா பட்டாலும் 0.2 மில்லிவாட். மெஷினோட இலவசமா வர்ற பச்சைக் கண்ணாடியில் அலைநீளமும் எண்ணும் அச்சடிச்சிருக்கலைன்னா, அதைக் கணக்கிலேயே எடுக்காதீங்க.

குழந்தை இருக்கிற வீடுன்னா திறந்த சட்டமே வேண்டாம்னுதான் சொல்வேன். லேசர் ஆபத்து வரிசையில் திறந்தது வகுப்பு 4, அதிக ஆபத்தானது. முழுசா மூடி, மூடியைத் தூக்கினா கதிர் நிக்கிற மாதிரி செய்தது வகுப்பு 1, பாதுகாப்பானது. கண்ணாடி போட்டுக்கிட்டு நீங்க நிப்பீங்க. கதவைத் திறந்துக்கிட்டு வர்ற குழந்தை போட்டிருக்காது. ஸ்டீல் பாட்டில் வேற செய்யணும்னு சொல்றீங்க, வளைஞ்ச பளபளப்பான பரப்பு கதிரை எந்தப் பக்கம் தெறிக்கும்னு யாராலும் சொல்ல முடியாது.

நீளலை

வாட்டைப் பார்க்கும் முன் அலைநீளத்தைப் பாருங்கள். எந்தப் பொருள் எந்த ஒளியை உறிஞ்சுகிறது என்பதில்தான் பாதி முடிவு அடங்கியிருக்கிறது.

நீல டையோடு: மரம், அட்டை, தோல், துணி, கறுப்பு அல்லது சிவப்பு அக்ரிலிக், பெயின்ட் பூசிய உலோகம், அனோடைஸ் செய்த அலுமினியம். தெளிவான அக்ரிலிக்கை வெட்டாது. நீல அக்ரிலிக்கும் வெள்ளை அக்ரிலிக்கும் பெரும் தொல்லை. கண்ணாடியில் பதிக்க மேலே கறுப்பு பெயின்ட் அடித்து, அது எரியும் சூட்டில்தான் தடம் விழும்.

சிஓ2: மேலே சொன்ன மரம், தோல் எல்லாம். கூடவே எந்த நிற அக்ரிலிக்கும், கண்ணாடியும். வெற்று உலோகத்தில் இந்த வாட்டில் ஒன்றும் நடக்காது.

1064 நானோமீட்டர் அகச்சிவப்பு: வெற்று உலோகத்துக்கும் சில பிளாஸ்டிக்குகளுக்கும் மட்டும். மரத்துக்கு வாங்குவது வீண்.

உங்கள் பட்டியலில் டையோடு செய்ய முடியாதது தெளிவான அக்ரிலிக் ஒன்றுதான், அதையும் "எப்பவாவது" என்கிறீர்கள். பாட்டிலில் கோட்டிங் இருப்பதால் 1064 தேவையே இல்லை. டையோடு கோட்டிங்கைச் சுட்டு நீக்கிவிடும், அடியில் ஸ்டீல் பளிச்சென்று தெரியும். அந்த ஓர் அக்ரிலிக் வேலையை வெளியே வெட்டக் கொடுத்துவிட்டு டையோடு வாங்குவதே என் தீர்ப்பு.

கண்ணாடிக் குழாய் சிஓ2 மெஷினைப் பற்றி ஆசை இருந்தால் அதோடு வரும் சுமையையும் கேளுங்கள். குழாய்க்கு 15,000 வோல்ட்டுக்கு மேல் போகிறது. எர்த் இணைப்பு சரியில்லை என்றால் உடம்பில் பாயும். காய்ச்சி வடித்த நீர் சுமார் 20 லிட்டர் ஓயாமல் சுற்ற வேண்டும், குழாய்த் தண்ணீர் ஊற்றினால் மின்சாரம் அதன் வழியே கசியும், பாசியும் பிடிக்கும். நீர் 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால் நல்லது. 25 டிகிரியைத் தாண்டினால் கதிரின் வலு குறையும், குழாயின் ஆயுளும் தேயும். குழாய்க்குள் காற்றுக் குமிழி ஒன்று நின்றுவிட்டால் அந்த இடம் மட்டும் சூடாகிக் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். பம்ப் ஓடும்போது மெஷினைச் சாய்த்து அதை வெளியேற்ற வேண்டும். கதிரைத் திருப்பிவிடும் மூன்று கண்ணாடிகளை நேர்படுத்துவது தனி வேலை. எல்லாவற்றுக்கும் மேல், பயன்படுத்தாமல் மூடி வைத்தாலும் குழாயிலுள்ள வாயு மெல்லக் கெடும். மாதம் இரண்டு நாள் ஓட்டுபவருக்கு இது பொருந்தாது.

அரைமில்லி

வாட் குழப்பத்துக்கு: 40 வாட்னு பெருசா போட்டு, கீழே சின்ன எழுத்தில் 5 வாட்னு இருந்தா, பெரிசு மின்சாரம் உள்ளே போற அளவு, சின்னது ஒளியா வெளியே வர்ற அளவு. நமக்கு வேண்டியது ஒளி வாட் மட்டும். ஒரு தனி டையோடு தர்றது 5, 6 வாட்தான். 10 வாட் மாட்யூல்னா (லேசர் இருக்கிற தலை) உள்ளே 2 டையோடு, 20 வாட்னா 4, 40 வாட்னா 8. எல்லாத்தையும் ஒரே புள்ளியில் சேர்க்கிறாங்க. சேர்க்கச் சேர்க்கப் புள்ளி பெருசாகும். 10 வாட்டில் 0.08 மி.மீ பக்கம் இருக்கிற புள்ளி, 40 வாட்டில் 0.15 மி.மீ-யைத் தாண்டிடும். போட்டோ பதிக்கணும்னா 40 வாட் பக்கம் போகாதீங்க. அதிக வாட்னா எல்லா வேலைக்கும் நல்லதுன்னு நினைக்கிறதுதான் இதில் பெரிய தப்பு.

வெட்டுறதுக்கு ஒரு சின்னக் கணக்கு வச்சுக்கங்க. நல்ல 3 மி.மீ பாஸ்வுட் பிளைவுட்டை ஒரே பாஸில் (கதிர் ஒரு தடவை மட்டும் ஓடி) வெட்ட, ஒரு மி.மீ நீளத்துக்குத் தோராயமா 2 ஜூல் வேணும். 10 வாட்னா நொடிக்கு 5 மி.மீ, அதாவது நிமிஷத்துக்கு 300. 20 வாட்னா 600. காத்து அடிக்கிற பம்ப் இருந்தா மட்டும்தான் இந்தக் கணக்கு. இல்லாட்டி புகையே கதிரைத் தடுத்து, ஓரமெல்லாம் கரி ஏறி, பாதியில் நிக்கும். ஒரு பெட்டிக்கு வெட்டுக்கோடு மொத்தம் 4 மீட்டர் வந்தா 10 வாட்டில் 13 நிமிஷம், 20 வாட்டில் 7. வீட்டு வேலைக்கு இந்த 6 நிமிஷம் பெருசில்லை. ஆனா 5, 6 மி.மீ பலகைக்குப் போக ஆசை இருந்தா 20 எடுங்க.

போட்டோவில் நேரத்தைத் தீர்மானிக்கிறது வாட் இல்லை, சட்டம். 100 × 100 மி.மீ படம், வரி இடைவெளி 0.1 மி.மீ. ஆயிரம் வரி, வரிக்கு 100 மி.மீ, ஆக 100 மீட்டர் ஓடணும். நிமிஷத்துக்கு 6000 மி.மீ ஓடினா 17 நிமிஷம், ஒவ்வொரு ஓரத்திலும் வேகம் குறைஞ்சு திரும்புறதைச் சேர்த்தா 20-க்கு மேல. விளம்பரத்தில் 30,000-ன்னு போட்டிருப்பாங்க. அந்த வேகத்தைத் தொடுறதுக்குள்ள வரி முடிஞ்சிடும். அதனால் வேக எண்ணைப் பார்க்காம, பிளாஸ்டிக் சக்கரமா எஃகு லீனியர் ரயிலான்னு பாருங்க. சக்கரம் தேயும், இடையில் தூசி ஒட்டும், ஒவ்வொரு சில வாரத்துக்கும் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கிற எக்சென்ட்ரிக் நட்டைத் திருப்பி இறுக்கணும். ரயிலுக்கு அந்த வேலை குறைவு.

எல்லை சுவிட்ச் இல்லாத மெஷின் வேண்டாம். பாதியில் கரன்ட் போனா பழைய இடத்துக்குத் திரும்ப அதுதான் வழி. லைட்பர்ன், லேசர்ஜி.ஆர்.பி.எல்னு ரெண்டு கம்ப்யூட்டர் மென்பொருளிலும் ஓடுமான்னு கேளுங்க. செல்போன் ஆப் மட்டும்தான்னு சொன்னா அடுத்த மெஷினைப் பார்க்கலாம்.

கரிவாசம்

புகையைப் பத்தி யாரும் பேசலை. வீட்டில் வாங்குற லேசர் ஓரமா தூங்கிடுறதுக்குக் காரணம் இதுதான்.

ஜன்னல் 2 மீட்டர்ல இருக்கிறது நல்லது. 150 மி.மீ இன்லைன் ஃபேன் ஒண்ணு, அதே விட்டத்தில் அலுமினிய டக்ட் (புகை போற குழாய்). ஃபேனை மெஷின் பக்கம் மாட்டாதீங்க, ஜன்னல் பக்கம் மாட்டுங்க. அப்பதான் டக்ட் முழுக்க உறிஞ்சுற பக்கமா இருக்கும். நடுவில் ஓட்டை இருந்தா அறைக்காத்துதான் உள்ளே போகும், புகை வெளியே வராது. டக்டை இழுத்து நேரா வைங்க, ஒவ்வொரு வளைவும் காத்தைத் தின்னும். பெட்டியில் எதிர்ப்பக்கம் காத்து உள்ளே வர வழி வேணும், இல்லாட்டி ஃபேன் சத்தம் மட்டும் போடும், புகை உள்ளேயே சுத்தும். அந்த வழியையும் ஒளி நேரா வெளியே வராத மாதிரி மடிப்பா வைக்கணும்.

கார்பன் ஃபில்டர் பெட்டி இருந்தா ஜன்னலே வேண்டாம்னு விக்கிறாங்க. பிளைவுட் பசையிலிருந்து வர்ற தார் அதை ரொம்ப சீக்கிரம் அடைச்சிடும். எம்.டி.எஃப் (மரநாரைப் பசையில் அழுத்தின பலகை) இன்னும் மோசம். வாசனை திரும்ப வரும்போதுதான் தெரியும், அதுக்குள்ள மூச்சுக்குள்ள போனது போனதுதான்.

பி.வி.சி, வினைல், ரெக்சின் எதையும் உள்ளே வைக்காதீங்க. ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலுக்கும் கேடு, ரயில் எல்லாம் துருவும் பிடிக்கும். பேர் தெரியாத பிளாஸ்டிக்னா ஒரு செப்புக் கம்பியைப் பழுக்கச் சூடாக்கி அதில் தொட்டு, திரும்பத் தீயில் காட்டுங்க. தீ பச்சையா மாறினா குளோரின் இருக்கு, ஒதுக்கிடுங்க. இந்தச் சோதனையையும் திறந்தவெளியில் செய்ங்க. தோல்னா தாவரச் சாறில் பதப்படுத்தினது மட்டும். குரோம் தோல் வேண்டாம். பாலிகார்பனேட் வெட்டாது, மஞ்சளாக் கருகும்.

தீ. தீ உணரி இருக்குன்னு போட்டிருந்தாலும் அது கத்தும், அணைக்காது. வெட்டும்போது அறையை விட்டுப் போகாதீங்க. அணைக்கக் கார்பன் டை ஆக்சைடு வகை அணைப்பான் வைங்க. பவுடர் வகை தீயையும் அணைக்கும், மெஷினையும் சேர்த்து முடிச்சிடும்.

அட்டைப்பெட்டி

ரொம்ப நன்றி. தெளிவான அக்ரிலிக்கை விட்டுட்டேன். மூடிய டையோடு, 10 அல்லது 20 வாட், 150 மி.மீ ஃபேன் ஜன்னல் பக்கம். வந்ததும் முதல் நாள் எதைச் சோதிக்கணும்? திருப்பி அனுப்புற நாள் தாண்டிடக் கூடாது. அப்புறம் பாட்டிலைச் சுத்த வைக்கிற ரோட்டரி எது?

அரைமில்லி

20-க்கே போங்க. இப்ப வர்ற 20-ல் புள்ளி 0.08 × 0.1 மி.மீ பக்கம் இருக்கு, போட்டோவும் கெடாது.

முதல் நாள் இந்த வரிசையில் போங்க. கரன்ட் போடும் முன்னாடி தலையைக் கையால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளுங்க. எங்கேயாவது இடறினா ரயில் இணையா இல்லை. அடுத்து அட்டையில் 100 மி.மீ சதுரம் போட்டு ரெண்டு மூலைவிட்டத்தையும் அளங்க. ரெண்டும் 141.4 வரணும். ஒண்ணு 142, இன்னொண்ணு 140.8-ன்னா சட்டம் கோணல். மூலை ஸ்க்ரூவைத் தளர்த்தி சரி செய்யலாம். மூடின பெட்டியில் அது முடியாதுன்னா அன்னைக்கே திருப்பி அனுப்புங்க. பிறகு 20 மி.மீ வட்டம். தொடங்கின இடமும் முடிஞ்ச இடமும் ஒட்டலைன்னா பெல்ட் தளர்ச்சி, இல்லாட்டி மோட்டார் புல்லியில் இருக்கிற குட்டி ஸ்க்ரூ நழுவுது. அந்த ஸ்க்ரூ மோட்டார் தண்டோட தட்டையான பக்கத்தில் உட்கார்ந்திருக்கான்னு பாருங்க, பாதித் தகராறு அங்கேதான்.

ஃபோகஸுக்கு மெஷினோட வர்ற அளவுகோலை நம்பாம ஒரு பலகையைச் சாய்ச்சு வச்சு, நீளமா ஒரு கோடு போடுங்க. கோடு எங்கே மெலிசா இருக்கோ அந்த உயரம்தான் உண்மையான ஃபோகஸ். பதிக்கிறதுக்கு அதே உயரம். 3 மி.மீ வெட்டும்போது ஃபோகஸை மேற்பரப்பிலிருந்து 1 மி.மீ உள்ளே இறக்கினா அடிப்பக்கம் சுத்தமா விழும்.

கன்ட்ரோலர் செட்டிங்கில் ரெண்டே ரெண்டு பாருங்க. $32=1 இருக்கணும், அதுதான் லேசர் மோடு. $30-ல் இருக்கிற எண்ணும் மென்பொருளில் அதிகபட்ச பவருக்குப் போட்டிருக்கிற எண்ணும் ஒண்ணா இருக்கணும். இங்கே 1000, அங்கே 255-ன்னு இருந்தா நீங்க 100% போட்டாலும் கால்வாசிதான் வரும். "மாட்யூல் வீக்"னு புகார் சொல்ற பலருக்கும் கோளாறு இதுதான். அப்புறம் கதிரை ஆன் பண்ற கட்டளையில் எம்3 வேண்டாம், எம்4-ல் ஓட்டுங்க. எம்4-ல் தலை வேகம் குறையும்போது பவரும் குறையும், மூலை கருகாது. தலை நின்னா கதிரும் நிக்கும். எம்3-ல் கம்ப்யூட்டர் நடுவில் உறைஞ்சா தலை ஒரே இடத்தில் நின்னு எரிச்சுக்கிட்டே இருக்கும்.

பெட்டியோட பல் இறுக்கமா உட்கார, வெட்டுக்கோடு எவ்வளவு தின்னுதுன்னு தெரியணும். 10 மி.மீ சதுரம் பத்து வெட்டி, வரிசையா சேர்த்து அளங்க. 98.5 வந்தா ஒவ்வொண்ணும் 0.15 இழந்திருக்கு, வரைபடத்தில் 0.075 வெளிப்பக்கம் தள்ளணும். ஒரு விஷயம், டையோடு புள்ளி சதுரமில்லை, செவ்வகம். அதனால் துண்டுகளில் மேல்பக்கம் எதுன்னு பென்சிலால் குறிச்சுட்டு ரெண்டு திசையிலும் அளங்க, வித்தியாசம் தெரியும்.

நீளலை

பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. "வாட் போதவில்லை" என்று வரும் படங்களில் பலவற்றில் குற்றவாளி பிளைவுட்தான். வெளிப்புறப் பயன்பாட்டுக்கான பிளைவுட்டின் ஃபீனாலிக் பசை கதிரைக் கிட்டத்தட்டத் தடுத்துவிடும். உள்ளே கணுவோ நிரப்பிய பசைத்திட்டோ இருந்தால் அந்த ஒரு சென்டிமீட்டர் மட்டும் வெட்டாமல் நிற்கும், எத்தனை பாஸ் ஓட்டினாலும் சுற்றியுள்ள இடம்தான் கருகும். வாங்கிய பலகையை வெயிலுக்கோ விளக்குக்கோ எதிரே பிடித்துப் பாருங்கள். கருந்திட்டுகள் தெரியும் பலகையைப் பெயர்ப்பலகைக்கு ஒதுக்குங்கள். வளைந்த பலகையைத் தேன்கூட்டு மேடையில் ஊசிகளால் அழுத்தி வையுங்கள், 2 மி.மீ மேலெழுந்தாலே ஃபோகஸ் போய்விடும். அடிப்பக்கம் கரித்தடம் படாமலிருக்க மறைப்பு டேப் ஒட்டலாம்.

பம்பை எப்போதும் முழு வேகத்தில் வைக்காதீர்கள். வெட்டும்போது நிமிடத்துக்கு 25, 30 லிட்டர். போட்டோ பதிக்கும்போது 5 லிட்டர் போதும். அதிகமானால் புகை மரத்தின் மேல் பக்கவாட்டில் படிந்து படம் மங்கும். ஆனால் முழுக்க நிறுத்தவும் வேண்டாம், லென்ஸில் கரி ஏறும். கரி ஏறிய லென்ஸ் ஒளியை விடாமல் தானே சூட்டை வாங்கிக்கொண்டு விரிசல் விடும். வெட்டு வேலை ஓடும் நாட்களில், மெஷின் ஆறிய பின், ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் மாட்யூலின் பாதுகாப்புக் கண்ணாடியைத் துடைத்துவிடுங்கள்.

கரிவாசம்

ரோட்டரிக்கு: நேரான பாட்டில் மட்டும்னா உருளை வகை போதும். கூம்பா இருக்கிறது, கைப்பிடி உள்ளது எல்லாம் வரும்னா மூணு தாடை இருக்கிற சக் வகை. உருளையில் வழுக்குற பாட்டிலுக்கு ரெண்டு ரப்பர் பேண்டு மாட்டினாப் போதும். மூடிய பெட்டியில் உயரம் பத்துமான்னு முதல்ல அளங்க. ரோட்டரி, அதுக்கு மேல பாட்டில், அதுக்கு மேல ஃபோகஸ் தூரம், எல்லாம் சேர்த்து. பல பெட்டியில் அடித்தட்டைக் கழற்றினாத்தான் இடம் கிடைக்கும், அப்ப கீழே ஒளி கசியாம ஒரு உலோகத் தட்டு போடணும்.

பாட்டில் எக்ஸ் திசையில் படுத்திருக்கணும், சுத்துறது ஒய். அப்பதான் கதிர் எப்பவும் வளைவோட உச்சியிலேயே விழும். கூம்புப் பாட்டில்னா மேல்கோடு மட்டமா இருக்கிற வரைக்கும் ஒரு பக்கம் உயர்த்துங்க. கோட்டிங்குக்கான பவரைப் பாட்டில் அடிப்பக்கம் சோதிச்சுப் பாருங்க, நிறத்துக்கு நிறம் மாறும். ரோட்டரி மாட்டினதும் தானா ஹோம் (தொடக்க மூலை) போறதை நிறுத்திடுங்க. இல்லாட்டி ஒய் சுவிட்சைத் தேடி பாட்டில் சுத்திக்கிட்டே இருக்கும், கடைசியில் அலாரம்தான். வேலை முடிஞ்சு ரோட்டரியைக் கழற்றினதும் மென்பொருளில் அதை ஆஃப் பண்ணுங்க, மறந்தா அடுத்து போடுற சதுரம் செவ்வகமா வரும்.